மூட்டைக்கு 18 சட்டி: எண்ணிக்கை மாறாமல் கலவை மட்டும் மாறுவது எப்படி?

நீங்கள் எழுதியிருப்பதன் சுருக்கம் இது. ஐப்பசி மழையில் பூசிய ஒரு அறையின் சுவர் கல் மாதிரி இருக்கிறது. பங்குனி, சித்திரையில் பூசிய மற்ற அறைகளில் உள்ளங்கையால் தேய்த்தாலே மணல் உதிர்கிறது. எல்லா அறைக்கும் ஒரே கலவைதான், மூட்டைக்கு 18 சட்டி எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்), என்று மேஸ்திரி உறுதியாகச் சொல்கிறார். வெளிப்பூச்சு இன்னும் பாக்கி இருக்கிறது; அதற்குச் சிமெண்டைக் கூட்டிப் போடச் சொல்லலாமா என்று கேட்கிறீர்கள். இந்தக் கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது: ஒரே எண்ணிக்கையில் போட்ட கலவை எப்படி இரண்டு விதமாக ஆனது? அதற்கு விடை தெரியாமல் சிமெண்டைக் கூட்டினால் வெளிப்பூச்சிலும் இதே குழப்பம் வரும், கூடவே வெடிப்பும் வரும். மேஸ்திரி பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவர் எண்ணிப் போட்ட 18 சட்டியும் உண்மையாக இருக்கலாம், சுவர் உதிர்வதும் உண்மையாக இருக்கலாம்.

முதலில் அளவைப் பார்ப்போம். 1:6 என்றால் சிமெண்ட் ஒரு பங்கு, மணல் ஆறு பங்கு. இது எடைக் கணக்கு இல்லை, கன அளவுக் கணக்கு. 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஏறத்தாழ 35 லிட்டர், அதாவது ஒன்றேகால் கன அடிக்குச் சற்றுக் குறைவு. அதனால்தான் அளவுப் பெட்டியை உள்ளளவு 40 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம் என்று செய்கிறார்கள். அதுவும் சரியாக 35 லிட்டர். ஒரு மூட்டைக்கு இந்தப் பெட்டியால் தலைதட்டி ஆறு பெட்டி மணல் போட்டால் 1:6, ஐந்து போட்டால் 1:5. சட்டிக்கு இப்படி ஒரு நிலையான அளவு கிடையாது. இரும்புச் சட்டி, பிளாஸ்டிக் சட்டி, விளிம்பு நெளிந்த பழைய சட்டி என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு பிடிக்கும். உங்கள் வேலையில் ஓடும் சட்டியைப் பெட்டியில் கொட்டி அளந்துவிடுங்கள். தலைதட்டிய மூன்று சட்டியில் பெட்டி நிரம்புகிறது என்று வைத்துக்கொண்டால் 18 சட்டி என்பது ஆறு பெட்டி. மேஸ்திரியின் கணக்கு சரி. ஆனால் சித்தாள் யாரும் மணலைத் தலைதட்டிச் சுமப்பதில்லை, குவித்துத்தான் சுமப்பார்கள். குவியல் சட்டிக்குக் கால் பங்கு கூடினாலே 18 சட்டி ஏழரைப் பெட்டி ஆகிவிடும். கலவை 1:6 போய் 1:7.5 ஆகிறது.

அப்படியென்றால் மழைக்காலத்து அறை மட்டும் ஏன் தப்பித்தது? அங்கேதான் மணலின் ஈரம் வருகிறது. ஈரமான மணலில் ஒவ்வொரு துகளையும் சுற்றித் தண்ணீர் ஒரு மெல்லிய படலமாக நிற்கும். அது துகள்களை ஒன்றோடொன்று ஒட்டி அடங்க விடாமல் தள்ளி நிறுத்தும். எடையில் 5 முதல் 8 சதவீதம் ஈரம் இருக்கும்போது இந்த உப்பல் உச்சத்தில் இருக்கும். சாதாரண மணலில் 20 முதல் 30 சதவீதம், பொடி மணலில் அதற்கும் மேலே போகும். எம்-சாண்டும் இதற்கு விலக்கில்லை. மணல் முழுக்கத் தண்ணீரில் மூழ்கிவிட்டால் படலம் கலைந்து உலர்ந்த அளவுக்கே இறங்கிவிடும். மணல் 25 சதவீதம் உப்பியிருந்தால் சட்டியில் தெரிகிற ஏழரைப் பெட்டி மணலில் உண்மையான மணல் ஆறு பெட்டிதான். அதாவது ஐப்பசியில் குவியலால் கூடிய மணலும் ஈரத்தால் குறைந்த மணலும் ஒன்றையொன்று ஈடுகட்டி, தற்செயலாகச் சரியான 1:6 கிடைத்திருக்கிறது. சித்திரை வெயிலில் மணல் காய்ந்து உப்பல் போய்விட்டது, குவியல் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. அதே ஆள், அதே சட்டி, அதே 18. கலவை மட்டும் 1:7.5. மத்தியப் பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்பு விகிதத்தை உலர்ந்த மணலின் அளவை வைத்துச் சொல்லி, ஈரமணலுக்கு உப்பலுக்கு ஏற்பக் கூட்டிப் போடச் சொல்வது இதனால்தான்.

உப்பலை அளக்க ஆய்வகம் தேவையில்லை. பக்கம் நேராக உள்ள ஒரு பெயிண்ட் டப்பாவில் ஈரமணலை அழுத்தாமல் 20 செ.மீ. உயரத்துக்குக் கொட்டி மட்டம் தட்டுங்கள். மணலை வேறொரு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு, டப்பாவில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் போட்டுக் கம்பியால் குத்தி அடங்க விடுங்கள். இப்போது மணல் 16 செ.மீ. உயரத்தில் நின்றால் நான்கு செ.மீ. காற்றும் ஈரமும் செய்த மாயம். நான்கை 16-ஆல் வகுத்தால் 25 சதவீத உப்பல். அன்றைக்கு 1:6 வேண்டுமென்றால் ஏழரைப் பெட்டி, 1:5 வேண்டுமென்றால் ஆறேகால் பெட்டி போட வேண்டும். புது லோடு வந்தாலோ இரவு மழை பெய்தாலோ மறுபடி பார்க்க வேண்டும். பத்து நிமிட வேலை.

இதுவரை சொன்னது கணக்கு. அதில் சந்தேகம் இல்லை. உங்கள் சுவருக்கு இது மட்டுமே காரணமா என்பதை இங்கிருந்து அப்படி அடித்துச் சொல்ல முடியாது. ஏனென்றால் சித்திரை வெயிலுக்கு இரண்டாவது குற்றம் ஒன்றும் உண்டு: கலவை சரியாகவே இருந்தாலும் ஈரத்தைப் பறித்துவிடும். காய்ந்த செங்கல் பின்பக்கமிருந்து தண்ணீரை உறிஞ்சும், வெயிலும் காற்றும் முன்பக்கமிருந்து இழுக்கும். சிமெண்ட் இறுகுவது காய்வதால் இல்லை, தண்ணீரோடு சேர்ந்து நடக்கும் வினையால். தண்ணீர் போனால் வினை பாதியில் நின்றுவிடும். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. உதிரும் இடத்தில் ஓர் ஆணியால் அழுத்திக் கீறுங்கள். மேலே இரண்டு மூன்று மி.மீ. மட்டும் மணலாக உதிர்ந்து அடியில் ஆணி வழுக்கினால், மேல்பரப்பு தண்ணீர் இல்லாமல் வெந்திருக்கிறது, உள்ளே கலவை நல்லது. ஆணி சுவர் வரைக்கும் ஒரே சீராக மணலில் இறங்குவது போல இறங்கினால், கலவையில் சிமெண்ட் குறைவு, அல்லது இறுகத் தொடங்கிய கலவையை மறுபடி தண்ணீர் ஊற்றிப் பூசியிருக்கிறார்கள். விரல் முட்டியால் தட்டும்போது பானையைத் தட்டுவது போலக் கேட்டால் பூச்சு செங்கல்லை விட்டுப் பிரிந்திருக்கிறது. மூன்றும் ஒரே வீட்டில் வெவ்வேறு சுவரில் இருக்கலாம், ஆகவே அறைக்கு நாலைந்து இடமாவது பாருங்கள். ஜன்னலுக்குக் கீழேயும் மேற்குப் பார்த்த சுவரிலும் அவசியம்.

இன்னொரு சாட்சி உங்கள் வீட்டு ரசீதுக் கட்டில் இருக்கிறது. ஒரு கன மீட்டர் கலவைக்கு 1:6-இல் சுமார் 250 கிலோ, 1:5-இல் 310 கிலோ, 1:4-இல் 380 கிலோ சிமெண்ட் பிடிக்கும். 15 மி.மீ. கனத்தில் பூசினால் ஒரு மூட்டை 1:6 கலவை ஏறத்தாழ 125 சதுர அடிக்கும், 1:5 கலவை 100 சதுர அடிக்கும் வரும். 12 மி.மீ. என்றால் முறையே 150, 120 சதுர அடி. உதிரும் அறைகளின் சுவர்ப் பரப்பைக் கூட்டி, கதவு ஜன்னலைக் கழித்து, அந்த வேலைக்குப் போன மூட்டைகளால் வகுத்துப் பாருங்கள். 15 மி.மீ. பூச்சுக்கு மூட்டைக்கு 160, 170 சதுர அடி ஓடியிருந்தால் கலவை மெலிந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். கணக்கு சரியாக வந்தால் உங்கள் சந்தேகத்தைத் தண்ணீர்ப் பக்கமும் மணல் பக்கமும் திருப்புங்கள். சுவர் கோணலாக இருந்து சில இடத்தில் 25 மி.மீ. பூசியிருந்தால் மூட்டை கூடப் போயிருக்கும், அதையும் மனதில் வையுங்கள். பூச்சைப் பெயர்த்து ஆய்வகத்தில் கொடுத்து விகிதத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அமிலத்தில் கரைத்துப் பார்க்கும் அந்தச் சோதனை, நிலக்கரிச் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டில் துல்லியமாக வராது; அதிலுள்ள சாம்பலின் பெரும்பகுதி அமிலத்தில் கரையாமல் மணலோடு சேர்ந்துகொள்ளும். செலவு செய்யும் முன் யோசியுங்கள்.

மணலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எம்-சாண்ட் என்று ஒரே பெயரில் மூன்று பொருள் வருகிறது. கான்கிரீட்டுக்கான எம்-சாண்ட் 4.75 மி.மீ. வரைக்கும் துகள் உள்ளது. பூச்சுக்கு அது கரடு, பூச்சைத் தேய்த்துச் சமப்படுத்தும் மணியாசுக் கட்டையை ஓட்டும்போது பெரிய துகள் உருண்டு கோடு விழும், அதை மறைக்கக் கொத்தனார் மேலே சிமெண்ட் பால் தேய்ப்பார். பூச்சுக்கு வேண்டியது 2.36 மி.மீ.க்குக் கீழே சலித்துக் கழுவிய பி-சாண்ட். மூன்றாவது, கிரஷரில் ஜல்லி உடைக்கும்போது விழும் தூசு. இதையும் எம்-சாண்ட் என்று விற்பவர்கள் உண்டு. இதில் தட்டைத் துகளும் மாவும் மிகுதி; மாவு தண்ணீரைக் குடிக்கும், சிமெண்ட் பசையை மணல்மேல் ஒட்ட விடாது. கையில் ஒரு பிடி அள்ளித் தேய்த்துவிட்டு உதறுங்கள். உள்ளங்கை ரேகையில் வெள்ளை மாவு அப்பிக்கொண்டு நின்றால் பூச்சுக்கு வேண்டாம். ஆற்று மணலுக்குச் செய்யும் பாட்டில் சோதனையை, அதாவது உப்புத் தண்ணீரில் குலுக்கி வைத்து மேலே படியும் வண்டல் 8 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்ப்பதை, எம்-சாண்டுக்கு அப்படியே பொருத்த முடியாது. அதில் படிவது பெரும்பாலும் கல்மாவு, களிமண் இல்லை. கல்மாவு ஓரளவு இருப்பதைத் தர நிர்ணயமே அனுமதிக்கிறது. படிந்த அடுக்கைத் தொட்டுப் பாருங்கள். வழவழவென்று சேறு மாதிரி இருந்து நிறமும் பழுப்பாக இருந்தால் குவாரி மேல்மண் கலந்திருக்கிறது, அந்த லோடைத் திருப்பி அனுப்புங்கள்.

சரி, சிமெண்டைக் கூட்டலாமா? அளவு கலைந்து கிடந்தது 1:7.5 என்றால் அதை 1:5-க்குக் கொண்டுவருவது நியாயம். வெளிப்பூச்சுக்கு 1:5 போதும். மழைச் சாரல் நேராக அடிக்கும் சுவருக்கு 1:4 வரை போகலாம். அதற்கு மேல் 1:3 என்று போனால் சிமெண்ட் பசை மிகுந்து, காயும்போது கூடுதலாகச் சுருங்கி, சிலந்தி வலை மாதிரி வெடிப்பு விடும். அந்த வெடிப்பு வழியாகத்தான் மழைத் தண்ணீர் உள்ளே போகிறது. தளத்தின் அடிப்பக்கத்துக்கு 1:3 போடுவது வேறு விஷயம். அது 6 முதல் 10 மி.மீ. மெல்லிய பூச்சு, கான்கிரீட்டில் தொங்க வேண்டியது. கட்டுவேலைக்கு ஒன்பது அங்குலச் சுவருக்கு 1:6, நாலரை அங்குலத் தடுப்புச் சுவருக்கு 1:4 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கை, அதாவது இரண்டு அடுக்காக, பூசும்போது மேல் பூச்சு கீழ்ப் பூச்சைவிடச் சிமெண்ட் கூடிய கலவையாக இருக்கக் கூடாது. வலுவான தோல் மெலிந்த உடம்பின்மேல் சுருங்கினால் தோல் பெயரும். பூச்சு ஈரமாக இருக்கும்போது சீக்கிரம் இழுக்க வேண்டுமென்று வெறும் சிமெண்டைத் தூவித் தேய்ப்பது இந்த விதியை உடைக்கிற வேலை. அதைக் கண்டால் தயங்காமல் நிறுத்தச் சொல்லுங்கள்.

கலக்கும் முறைக்கு வருகிறேன். வெறும் மண் தரையில் கலக்க வேண்டாம். இரும்புத் தகடு அல்லது சிமெண்ட் தளம் வேண்டும். ஒரு மூட்டை முழுவதையும் ஒரே நேரத்தில் நனைக்காதீர்கள். மணலைப் பெட்டியால் அளந்து பரப்பி, மேலே சிமெண்டைக் கொட்டி, உலர்வாகவே மண்வெட்டியால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் புரட்டி, திரும்பவும் இந்தப் பக்கம் என்று குறைந்தது மூன்று முறை. நிறம்தான் அளவுகோல்: குவியலை நடுவில் வெட்டிப் பார்த்தால் எங்கும் ஒரே சாம்பல் நிறம் தெரிய வேண்டும். மணல் கோடு ஒன்று தெரிந்தாலும் சுவரில் அந்த இடம் உதிரும். இந்த உலர் கலவையில் கால் மூட்டை அளவுக்குப் பிரித்தெடுத்து, நடுவில் குழி பறித்துத் தண்ணீர் விட்டு, ஓரத்திலிருந்து உள்ளே தள்ளி மூன்று நான்கு முறை புரட்டுங்கள். ஈரமணலில் கலந்த உலர் கலவையை நெடுநேரம் போட்டு வைக்கக் கூடாது. மணலிலுள்ள ஈரமே சிமெண்டைத் தொட்டுவிடும். மிஷினில் கலந்தால் தண்ணீர் விட்ட பிறகு மூன்று நிமிடமாவது ஓட வேண்டும்.

தண்ணீருக்கு ஒரே அளவு சொல்வது சரியாக வராது. உலர்ந்த மணலில் ஒரு மூட்டை 1:6 கலவை 40 லிட்டருக்கு முன்பின் குடிக்கும். ஆனால் ஆறு பெட்டி மணல் சுமார் 320 கிலோ. அதில் 5 சதவீதம் ஈரம் இருந்தாலே 16 லிட்டர் தண்ணீர் மணலோடு வந்துவிட்டது. ஆகவே முக்கால் பங்கை முதலில் விட்டு மீதியைப் பார்த்துப் பார்த்துச் சேர்க்க வேண்டும். கரண்டியில் அள்ளிச் சாய்த்தால் வழுக்கி ஒரே கட்டியாக விழ வேண்டும், கரண்டி முகத்தில் மெல்லிய பசை தங்க வேண்டும். குவியலின் ஓரத்தில் தெளிந்த தண்ணீர் கசிந்தால் கூடிவிட்டது. தண்ணீரின் தரமும் முக்கியம். கடலோரத்து உப்பு போர்த் தண்ணீரில் கலந்த பூச்சில் வெள்ளை உப்புப் பூத்துப் பெயிண்டைத் தள்ளும். வாயில் வைத்தால் கரிக்கிற தண்ணீரைக் கலவைக்கும் சுவருக்கும் விட வேண்டாம்.

நனைத்த கலவைக்கு ஆயுள் குறைவு. சிமெண்ட் இறுகத் தொடங்கும் நேரம் 30 நிமிடத்துக்குக் குறையக் கூடாது என்பது தர நிர்ணயம். நடைமுறையில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் தாங்கும், ஆனால் சித்திரை மதியத்தில் திறந்த வெளியில் அதை நம்பக் கூடாது. அரை மணியில் பூசி முடிக்கிற அளவு மட்டும் நனைப்பதே பாதுகாப்பு. வேலைத்தளத்தில் கலவையைக் கெடுக்கிற தருணம் ஒன்று உண்டென்றால் அது டீ இடைவேளை. திரும்பி வரும்போது சட்டியில் கலவை விறைத்திருக்கும். ஒரு சொம்புத் தண்ணீர் விட்டுக் கிளறினால் மறுபடி வெண்ணெய் மாதிரி ஆகிவிடும். கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் அதற்குள் பிடித்திருந்த பிடிப்பு உடைந்துவிட்டது, அது திரும்ப வராது. நிழலில் வைத்து ஈரச்சாக்கு மூடிய கலவையில், இறுகத் தொடங்கும் முன், ஆவியாகிப் போன தண்ணீருக்கு ஈடாகக் கொஞ்சம் தெளித்துக் கலப்பது வேறு, அது குற்றமில்லை.

பூசும் முன் சுவரை முதல் நாள் மாலையில் நன்றாக நனைத்து, காலையில் ஒருமுறை தெளித்து, மேலே தண்ணீர் மினுங்காமல் உள்ளே ஈரமாக இருக்கும் நிலையில் பூச வேண்டும். செங்கல் இணைப்புகள் 10 மி.மீ. ஆழத்துக்குச் சுரண்டியிருக்க வேண்டும், கான்கிரீட் தூணிலும் பீமிலும் கொத்துப் போட்டிருக்க வேண்டும், தூணும் செங்கல்லும் சேரும் இடத்தில் கோழி வலை அடித்திருக்க வேண்டும். ஒரே கையில் 15 மி.மீ.க்கு மேல் ஏற்றாமல், கூட வேண்டிய இடத்தில் முதல் நாள் ஒரு கை பூசிக் கீறிவிட்டு மறுநாள் அடுத்த கை.

உதிரும் அறைகளுக்கு இப்போது செய்ய வேண்டியது இது. தட்டினால் பொள்ளலாகக் கேட்கும் இடத்தையும், ஆணி சுவர் வரை இறங்கும் இடத்தையும் சதுரமாக வெட்டியெடுத்துப் புதிதாகப் பூச வேண்டும். வேறு மருந்து இல்லை. மேல்தோல் மட்டும் உதிரும் சுவரைப் பத்து நாள் ஒரு நாளைக்கு மூன்று முறை நனைத்துப் பாருங்கள். வினை முடியாமல் உள்ளே கிடக்கும் சிமெண்ட் தண்ணீர் கிடைத்தால் கொஞ்சம் இறுகும். எவ்வளவு இறுகும் என்பது சுவருக்குச் சுவர் மாறும், முழு வலு வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பிறகு காய விட்டு, தளர்ந்த மணலைத் துடைப்பத்தால் தள்ளி, அகலமான டேப்பை அழுத்தி ஒட்டிப் பிய்த்துப் பாருங்கள். டேப் முழுக்க மணல் ஒட்டி வந்தால் அந்தச் சுவரில் பட்டி போடாதீர்கள். பட்டி மணலைத்தான் பிடிக்கும், சுவரைப் பிடிக்காது. ஒரு வருடத்தில் தகடு தகடாக வரும்.

வெளிப்பூச்சுக்கு மேஸ்திரியிடம் சண்டை போடாமல், பெட்டி ஒன்றை நீங்களே ஆசாரியிடம் செய்து வாங்கிக் கொடுங்கள், தினமும் காலையில் டப்பாச் சோதனையை அவரோடு சேர்ந்து செய்யுங்கள். காலையில் நிழலில் இருக்கும் மேற்குச் சுவரை முடித்துவிட்டு, மதியத்துக்குப் பிறகு நிழல் திரும்பியதும் கிழக்குச் சுவருக்குப் போகலாம். பூசிய மறுநாளிலிருந்து தண்ணீர் காட்ட வேண்டும். குறைந்தபட்சம் ஏழு நாள், பி.பி.சி. சிமெண்ட் என்றால் பத்து நாள். காலை மாலை மட்டும் ஓஸ் பிடிப்பது வெயில் காலத்துக்குப் போதாது, இடையில் ஒரு தடவையாவது சுவர் வெளுத்துவிடும். சாக்கைத் தொங்கவிட்டு அதை நனைத்தால் ஈரம் நிற்கும். ஒவ்வொரு பகுதியும் பூசிய தேதியைச் சுவரின் கீழ் ஓரத்தில் கரிக்கட்டியால் எழுதி வைக்கச் சொல்லுங்கள். எந்தச் சுவருக்கு இன்னும் தண்ணீர் பாக்கி என்று யாரையும் கேட்காமலே தெரியும்.